சபையோருக்கு ஒரு பதில்

அம்மாவின் கம்ப்யூட்டருக்குச் சட்டை இருந்தது. வெள்ளை நூலில் அவரே பின்னியது. ஓரமெல்லாம் சின்னச் சின்னப் பூக்கள். திரைக்கு ஒன்று, விசைப்பலகைக்கு ஒன்று, மோடத்துக்குக்கூட ஒன்று. மோடத்தை மூடி வைத்தால் சூடாகிவிடும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "இந்தக் குளிருக்குள்ள ஒண்டாவது சூடா இருக்கட்டுமே" என்றார். வேலையால் வந்து, தேநீர் ஊற்றிக்கொண்டு, ஒவ்வொரு சட்டையாகக் கழற்றி மடித்து மடியில் வைத்துவிட்டுத்தான் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காருவார். மோடம் முதலில் கீச்சிடும், பிறகு இரையும், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அடங்கும். அந்தச் சத்தம் முடியும்வரை அம்மா நிமிர்ந்து இருப்பார். முடிந்ததும், "சரி, கதவைத் திறந்திட்டாங்கள்" என்று சொல்லிக்கொண்டு விரல்களை விசைகளில் வைப்பார். இணையத்தை அவர் ஒரு மண்டபமாகத்தான் நினைத்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அம்மாவும் நானும் ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். அப்பா நாங்கள் கனடா வருமுன்பே காலமாகிவிட்டார். அண்ணன் கலியாணம் செய்து தனியாகப் போயிருந்தான். நான் ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். அம்மா யாழ்ப்பாணத்தில் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் லண்டன், ஒஸ்லோ, சிட்னி, கொழும்பு என்று பல திக்கிலும் இருந்தார்கள். அவர்களுடைய சங்கத்தின் தலைமையகம் மட்டும் எப்படியோ ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. தலைவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, எல்லாரையும் ஒன்றாகக் கதைக்க வைக்கக் கம்ப்யூட்டரில் ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டார். நான் அந்தப் பள்ளிக்கூட வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை என்று பெயரெடுத்தவர்களுக்கு அந்தக் காலத்தில் தப்பிக்க வழி கிடையாது. வீடியோ டெக்கில் நாடா சிக்கினாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

வேலையிடத்து மனேஜரிடம் அனுமதி வாங்கி ஒரு மின்னஞ்சல் குழுவை அமைத்துக் கொடுத்தேன். எல்லாரும் அதை லிஸ்ட் என்றார்கள். லிஸ்ட்டின் முகவரிக்கு ஒருவர் எழுதினால் அங்கத்தவர் அனைவருக்கும் அது போகும். அமைக்கும்போது ஒரு கேள்வி வந்தது. வந்த கடிதத்தைப் பார்த்து ஒருவர் 'பதில்' என்ற பொத்தானை அழுத்தினால், அந்தப் பதில் எழுதியவருக்கு மட்டும் போகவேண்டுமா, லிஸ்ட்டில் உள்ள எல்லாருக்குமா? ஒரு வரியில் முடிகிற விடயம். சும்மா கலகலப்பாக இருக்கட்டும் என்று, எல்லாருக்கும் போகும்படி வைத்தேன்.

லிஸ்ட்டில் முதலில் சேர்ந்தவர்களில் அம்மா ஒருவர். யாழ்ப்பாணம் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், சுருக்கெழுத்தும் தட்டச்சுமாக வாழ்ந்தவருக்கு விசைப்பலகை ஒரு பிரச்சினையே இல்லை. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதவேண்டியிருந்ததுதான் அவருக்கு அருவருப்பாக இருந்தது. அதையும் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டு, மேலே திகதி, கீழே 'விடயம்', பிறகு பந்தி பிரித்து, அரசாங்கக் கடிதம்போல எழுதினார். கடைசியாகச் சேர்ந்தவர்களில் மாமா ஒருவர். அம்மாவின் ஒரே தமையன். அவரும் அதே பள்ளிக்கூடம்தான். ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர், இங்கே ஒரு கிடங்கில் பார்சல் அனுப்பும் பகுதியில் வேலை செய்தார். ஒற்றை விரலால் தட்டுவார். எல்லாம் பெரிய எழுத்து. வாசித்தால் ஆள் பக்கத்தில் நின்று கத்துவது போலிருக்கும். நேரிலும் அவர் அப்படித்தான் கதைப்பார் என்பதால் எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மாமாவின் பெயரை அங்கத்தவர் வரிசையில் சேர்க்குமுன் இருமுறை யோசித்தேன். ஏனென்றால் அம்மாவும் மாமாவும் கதைப்பதில்லை.

எங்களைக் கனடாவுக்கு எடுப்பித்தவர் மாமாதான். வந்து இறங்கிய முதல் குளிர்காலம் முழுவதும் பார்க்டேலில் அவருடைய சின்ன அப்பார்ட்மென்டில்தான் இருந்தோம். அவரும் மாமியும் அவர்கள் மகளான என் மச்சாளும் ஓர் அறையில், நாங்கள் மூவரும் ஹோலில். மாமா எனக்குச் சப்பாத்து நாடா இழுத்துக் கட்டக்கூடச் சொல்லித் தந்திருக்கிறார், பனியில் அவிழாத முடிச்சு அது. பிறகு அவர்கள் ஸ்காபரோவில் வோபர்ன் பக்கம் வந்தார்கள், நாங்களும் பின்னாலேயே வந்து நடக்கிற தூரத்தில் குடியேறினோம். இப்படி இருந்தவர்கள் அண்ணனின் கலியாணத்தோடு பிரிந்தார்கள். காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. அம்மா ஊரெல்லாம் வீடு வீடாகப் போய்க் அழைப்பிதழ் வைத்துக் கலியாணம் சொன்னார். மாமா வீட்டுக்குப் போக இருந்த நாளில் பனி கொட்டித் தள்ளியது, கால் வைத்து நடக்க வழியில்லை. என்ர அண்ணைதானே, அவருக்கு என்ன முறையும் வரிசையும் என்று போனை எடுத்துச் சொல்லிவிட்டார். மாமாவுக்கோ, தாய்மாமனுக்குத்தானே முதலில் நேரில் வந்து சொல்லியிருக்கவேண்டும் என்று. "வழியில போறவனுக்கெல்லாம் வீட்டை போய்ச் சொன்னவ, எனக்கு ரெலிபோனில சொன்னவ" என்று மாமியிடம் சொன்னாராம். கலியாணத்துக்கு மாமியும் மச்சாளும் வந்தார்கள், மாமா வரவில்லை. மணவறையில் அம்மா அடிக்கொருதரம் வாசலைப் பார்த்ததை நான் கண்டேன். அன்றோடு கதை நின்றது. இரண்டு பேரும் அன்பு மிஞ்சித்தான் கோபித்துக்கொண்டார்கள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதை அவர்களிடம் சொல்லும் துணிவு மட்டும் எவருக்கும் இல்லை.

எங்கள் ஆட்களிடம் இந்தக் கதையாமல் இருப்பது ஒரு தனிக் கலை. சண்டை போடுவதில்லை, திட்டுவதும் இல்லை. ஒருவரோடு ஒருவர் நேரடியாகப் பேச்சில்லை, அவ்வளவுதான். முதலில் வாய் திறக்கிறவர் தோற்றவர். ஒரே வீட்டுக்குள் இப்படி இருப்பவர்கள் பிள்ளையைப் பார்த்து, பூனையைப் பார்த்து, சிலவேளை சுவரைப் பார்த்துத் தங்கள் செய்தியைச் சொல்லிவிடுவார்கள். "சாப்பாடு போட்டிருக்கு, வேணுமெண்ட ஆக்கள் சாப்பிடலாம்" என்பது போல. ஆனால் தனித்தனி அப்பார்ட்மென்டில் இருக்கிற அண்ணனுக்கும் தங்கைக்கும் பொதுவாக ஒரு சுவர் இருக்கவில்லை. லிஸ்ட் வந்தபிறகுதான் அது கிடைத்தது.

மாமாதான் தொடங்கினார். "சபையோருக்கு வணக்கம். இந்த நாட்டில் வெய்யில் இல்லாமல் மோர்மிளகாய் காயவைக்க வழி தெரிந்தவர்கள் அறியத்தரவும்." லிஸ்ட்டில் ஆளுக்கொரு யோசனை. அம்மா இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, அரைப் பக்கத்துக்கு ஒரு கடிதம் தட்டினார். "சபையோருக்கு வணக்கம். விடயம்: மோர்மிளகாய். ஹீட்டரின் மேல் ஒரு தட்டில் துணி விரித்துப் பரப்பவும்." நான் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அம்மா, மாமாவோட கதைக்கிறியளோ?" என்றேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆர் கதைச்சது? சபையில ஒரு கேள்வி வந்தது, சபைக்குப் பதில் சொல்லுறன். அதைக் கேக்கிற ஆக்கள் கேக்கட்டும்." அடுத்த கிழமை மாமாவிடமிருந்து அறிவித்தல் வந்தது. பெரிய எழுத்தில். சபையில் ஓர் அங்கத்தவர் சொன்ன ஹீட்டர் முறையைப் பரீட்சித்ததாகவும், மிளகாய் நன்றாகவே காய்ந்ததாகவும், ஆனால் மாடியில் இருந்த அத்தனை பேரும் தும்மிக்கொண்டு வெளியே வந்ததாகவும், கட்டடத்தைப் பார்க்கிற சுப்பரின்டென்டன்ட் நெருப்பணைப்புப் படையைக் கூப்பிட இருந்ததாகவும். அம்மா அன்று சிரித்ததைப் போல் நான் வெகு நாளாகக் கண்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே பதில் எழுதினார்: "ஜன்னலைத் திறந்து வைக்கவேண்டும் என்பதைச் சபையோர் சொல்லாமலே அறிந்திருப்பார்கள் என எண்ணினேன்."

அப்படியே வளர்ந்தது. எந்தக் கடையில் விளைமீன் புதிதாக வருகிறது, காருக்குப் பனிக்காலச் சில்லு எப்போது மாற்றுவது, பாகற்காய் பொரித்தால் புகை அலாரம் அடிக்காமலிருக்க என்ன செய்வது. மற்றவர்களுக்கு இவை வெறும் சமாசாரம். எனக்கு மட்டும், மாமாவுக்கு மூட்டு நோகிறது, அம்மாவுக்கு வேலையிடம் மாறிவிட்டது, மச்சாளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள் என்பதெல்லாம் அதற்குள் போய்வருவது தெரிந்தது. மச்சாளுக்குக் கலியாணம் என்றால், தகப்பன் வழியில் அவளுக்கு அம்மாதான் ஒரே மாமி. அவர் இல்லாமல் எப்படி? மாமா வந்து சொல்லவேண்டும். நேரில். அது அவரே போட்ட சட்டம். ஆனால் கதையாத வீட்டுக்கு எந்த முகத்தோடு வருவது? அதற்குள் இருவரில் ஒருவர் எப்படியாவது வாய் திறக்கவேண்டியிருந்தது. லிஸ்ட்டில் அவர்கள் எழுதுகிற ஒவ்வொரு வரியும் அந்தப் பக்கம்தான் மெல்ல மெல்ல நகர்கிறது என்று நான் நம்பினேன்.

அப்போதுதான் ஒஸ்லோவில் இருந்த ஒருவர் எல்லாவற்றையும் கவிழ்த்தார். எங்கள் தலைவருக்கு ஒரு பழக்கம், ஆண்டு விழாவில் சாப்பாட்டுக்கு முன் பாடுவார். அவர் பாடி முடிக்காமல் ஒருவருக்கும் சோறு கிடையாது. அந்த வருட விழா அறிவித்தலை லிஸ்ட்டில் போட்டவர் ஒஸ்லோக்காரரின் நண்பர். விடுமுறைக்கு ரொறன்ரோ வர இருந்த ஒஸ்லோக்காரர் அவருக்கு மட்டும் எழுதுவதாக நினைத்துப் பதில் எழுதினார். "மச்சான், இந்த முறையும் தலைவர் பாடுறாரோ? பாடினால் நான் ஆறுதலா வெளிக்கிடுறன். பாத்திரம் சத்தம் கேக்கேக்க எனக்கு ஒரு போன் அடி." உலகம் முழுவதும் இருந்த பழைய மாணவர்கள் அதை ஒரே நாளில் வாசித்துச் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. பதில்கள் இனி எழுதியவருக்கு மட்டும்தான் போகவேண்டும், அதற்கு உடனே ஆவன செய்யவேண்டும் என்று எழுதினார்.

அதற்குப் பிறகு லிஸ்ட்டில் வேறு பேச்சே இல்லை. லண்டனில் இருந்த சட்டத்தரணி ஒருவர், சபையில் எழுந்த கேள்விக்குச் சபையில்தான் பதில், காதுக்குள் குசுகுசுத்துத்தான் நாங்கள் இந்த நிலைக்கு வந்தோம் என்று வாதாடினார். சிட்னி என்ஜினியர் ஒருவர் தொழில்நுட்ப விளக்கம் எழுதினார். எழுதியவரின் முகவரியை அழித்துவிட்டுத் தபால்காரன் தன் முகவரியைப் போடலாமா என்று கேட்டார். தனிப்பட எழுத நினைத்தது ஊருக்குப் போனால் மானம் போகும், ஊருக்கு எழுத நினைத்தது ஒருவருக்குப் போனால் இன்னொருதரம் அனுப்பினால் சரி, எது பரவாயில்லை என்றும் கேட்டார். உண்மையைச் சொன்னால் அவர் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. வேலையிடத்தில் யாராவது கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஒஸ்லோக்காரர் எந்தத் தீர்ப்புக்கும் கட்டுப்படுவதாக மன்னிப்புடன் எழுதினார்.

மாமா எழுதினார், இருக்கிறபடியே இருக்கட்டும் என்று. மறுநாள் அம்மாவும் எழுதினார், இருக்கிறபடியே இருக்கட்டும் என்று. லிஸ்ட்டுக்கு அது இடி விழுந்த மாதிரி. மாமா கிழக்கு என்றால் மேற்கு என்று எழுதுவதுதான் அம்மாவின் வழக்கம். மாமா மீன் கடை ஒன்றைப் புகழ்ந்தால் அங்கே செதில் சரியாக எடுப்பதில்லை என்று சபைக்கு அறிவிப்பார். தலைவர் எனக்குப் போன் எடுத்து, "என்ன பிள்ளை, கொம்மாவும் கொம்மானும் ஒண்டாச் சேந்திட்டினமோ? இதுக்குள்ள ஏதோ இருக்கு" என்றார். உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டுக் கதையைச் செயற்குழுவின் நிகழ்ச்சி நிரலில் வைக்க முடியுமா? ஒரு டோனட் கடையில் செயற்குழு கூடியது. தலைவர் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, ஒழுங்கைப் பற்றியே பேசினார். கைகளை உயர்த்தினார்கள். மாற்றுவதென்று மயிரிழையில் முடிவாயிற்று.

வீட்டிலிருந்தே மாற்றினேன். அம்மா பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்த்தார். இனிப் பதில் பொத்தானை அழுத்தினால் எழுதியவருக்கு மட்டும்தான் போகும், எல்லாருக்கும் எழுதவேண்டுமென்றால் லிஸ்ட்டின் முகவரியை நீங்களே தட்டவேண்டும் என்று விளக்கினேன். கச்சேரியில் கட்டளை எடுத்தவர்போல அதைத் திருப்பிச் சொன்னார். பிறகு, "அப்ப இனி அவர் எழுதினதுக்கு நான் பதில் எழுதினால், அது அவருக்கு எழுதின மாதிரி" என்றார்.

"சபைக்கு எண்டு தனியா எழுதலாம்தானே அம்மா?"

"கேக்காத சபைக்கு நான் போய் வலியச் சொல்லுறதோ? பதில் எண்டால் சபைக்குச் சொல்லுறது. தனிய எழுதினால் அது கதைக்கிறது." திரைக்குச் சட்டையைப் போட்டு, சுருக்கம் எடுத்து, எழும்பிப் போய்விட்டார். வருடக் கணக்கில் கதையாமல் கிடந்த இரண்டு பேரை ஒரு வரி இணைத்து வைத்திருந்தது, அந்த வரியை அழித்தவளும் நான்தான் என்று இருந்தது.

சில நாள் கழித்து மாமாவின் கடிதம் லிஸ்ட்டுக்கு வந்தது. "சபையோருக்கு வணக்கம். என் மகளின் திருமணம் கோடையில் நடைபெற இருக்கிறது. நல்ல பயத்தம் பணியாரம் செய்யக்கூடிய ஆட்கள் ரொறன்ரோவில் எவரேனும் இருந்தால் அறியத்தரவும்." நான் அதை வேலையிடத்தில் வாசித்தேன். ரொறன்ரோவில் பயத்தம் பணியாரம் என்றால் அம்மா. அது மாமாவுக்குத் தெரியும், மாமியின் வளைகாப்புக்கே அம்மாதான் சுட்டது. பெரிய எழுத்தில் கத்துகிற மனிதர் இப்படி வளைந்து கேட்டதை நினைக்க எனக்கு அழுகை வந்தது. மாலை வீட்டுக்குப் போனபோது அம்மா அதை வாசித்திருந்தார். சட்டைகள் எல்லாம் ஒழுங்காகப் போடப்பட்டிருந்தன.

அதற்குப் பிறகு லிஸ்ட்டில் அம்மாவும் இல்லை, மாமாவும் இல்லை. பொதுவாகவே அது படுத்துவிட்டது. யாராவது கேள்வி கேட்பார்கள், பதில் அவர்களுக்கு மட்டும் போகும், மற்றவர்களுக்கு எதுவும் நடந்ததாகத் தெரியாது. எல்லாரும் எழுந்துபோன மண்டபம் போலிருந்தது. ஒழுங்கு வந்துவிட்டது என்று தலைவர் மகிழ்ந்தார். நான் வேலையிடத்திலிருந்து அம்மாவுக்குப் போன் எடுத்தால் எந்நேரமும் லைன் பிஸி. மோடம் போனைப் பிடித்து வைத்திருந்தது. ஏதோ இணையத்தில் செய்தி வாசிக்கிறார், மனத்துக்கு ஒரு ஆறுதல் வேண்டாமா என்று விட்டுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை எழுந்து வந்தால் வீடெல்லாம் பயறும் தேங்காயும் மணத்தது. குசினியில் பெட்டி பெட்டியாகப் பயத்தம் பணியாரம் அடுக்கியிருந்தது. அம்மா தலை முழுகி, பட்டுச்சேலை ஒன்று உடுத்தி, மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். கோயிலில் ஏதும் விசேஷமோ என்று கேட்டேன். "ஆக்கள் வருகினம்" என்றார். யார் என்று கேட்குமுன் கீழிருந்து பஸர் அடித்தது. கதவைத் திறந்தால் மாமாவும் மாமியும். மாமா கோட் சூட்டில், கையில் வெள்ளித்தட்டு, அதில் வெற்றிலை, பாக்கு, குங்குமச்சிமிழ், அழைப்பிதழ். நான் கதவை அகலத் திறந்து பிடித்தேன்.

மாமா எனக்கு மேலாக உள்ளே பார்த்து, "சபையோர் எல்லாரும் சுகமோ?" என்றார்.

"சபையில இப்ப ரெண்டு பேர்தான் மிச்சம்" என்று அம்மா குசினி வாசலில் நின்று சொன்னார். "உள்ள வாங்கோ அண்ணை."

அவர் அண்ணை என்று சொன்னதும் மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா நிமிர்ந்து நின்று, தட்டை இரண்டு கையாலும் நீட்டி, "எங்கட பிள்ளையின்ர கலியாணம். நீதான் முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்" என்று முறையாகச் சொன்னார். அவருடைய குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. அம்மா தட்டை வாங்கிச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அங்கேயே நின்று அழுதார். நானும் அழுதேன். மாமா மட்டும் கோட்டைக் கழற்றி மாட்டுவதற்கு வெகு நேரம் எடுத்துக்கொண்டார்.

சாப்பிட இருந்தபோதுதான் கதை வெளியே வந்தது. பணியாரக் கடிதத்தை வாசித்த அன்றே அம்மா பதில் எழுதியிருக்கிறார், பதில் பொத்தானை அழுத்தி. "சபையோருக்கு வணக்கம். விடயம்: பணியாரம். செய்யக்கூடிய ஆள் ஒருவர் இருக்கிறார், ஆனால் அவரை முறையாகக் கேட்கவேண்டும்." சபையில் வேறு எவரும் இல்லை, மாமாவின் பெட்டிக்கு மட்டும் வந்த கடிதம் அது. மாமாவும் அதே பொத்தானை அழுத்தி, சபையோருக்கு வணக்கம் சொல்லிப் பதில் எழுதினார். இப்படியே கிழமைக் கணக்கில், ஆள் இல்லாத சபையை இரண்டு பேரும் மரியாதையாக விளித்து எழுதியிருக்கிறார்கள். பனி கொட்டிய அந்த நாளைப் பற்றியும், மணவறையில் அம்மா வாசலைப் பார்த்ததைப் பற்றியும் எல்லாம். நான் செத்துவிட்டது என்று நினைத்த பேச்சு எங்கள் போன் லைனைப் பிடித்து வைத்துக்கொண்டு நடந்திருக்கிறது.

"எண்டாலும் முதல் எழுதினது நீதான்" என்றார் மாமா, சொதியை ஊற்றிக்கொண்டு.

"நான் எங்க எழுதினனான்? நான் சபைக்குத்தான் எழுதினனான். அது உங்கட பெட்டிக்கு வந்தால் அதுக்கு நான் என்ன செய்யிறது? இந்தா, இவதான் மாத்தினவ, இவவைக் கேளுங்கோ."

"அம்மா, நான் உங்களுக்குப் பக்கத்தில வைச்சு விளக்கமாச் சொன்னனான்."

"எனக்கு உந்தக் கம்ப்யூட்டர் வேலை என்னத்தைத் தெரியும்?" என்றார், கச்சேரியிலேயே வேகமான தட்டச்சுக்காரி. மாமா என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். அவருக்கும் தெரிந்திருந்தது.

மச்சாளின் கலியாணத்தில் அம்மா முன்னுக்கு நின்றார். கொஞ்சம் அதிகமாகவே நின்றார், மாப்பிள்ளை வீட்டார் அவரைத்தான் பெண்ணின் தாய் என்று நினைத்துவிட்டார்கள். யார் முதலில் கதைத்தது என்ற வழக்கு மாமா இருந்தவரை தீரவில்லை. மாமா போய்ச் சில வருடங்களாகிறது. இப்போது எங்கள் குடும்பத்துக்குக் கைத்தொலைபேசியில் ஒரு குழு இருக்கிறது. அதில் எல்லாம் எல்லாருக்கும் போகிறது. காலை வணக்கமும் பூப்படமும் பிறந்தநாள் கேக்கும் நிற்காமல் வருகின்றன, நான் பாதியைத் திறப்பதில்லை. அம்மா எல்லாவற்றையும் திறந்து பார்ப்பார். "எல்லாரும் எல்லாத்தையும் சொல்லுகினம், ஆனா ஒருத்தரும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்று போன கிழமையும் குறைப்பட்டார். மாமா இருந்திருந்தால் அதற்கு எதிராக ஏதாவது எழுதியிருப்பார்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுபடி வருகிறேன். மாமாவும் மாமியும் பணியாரப் பெட்டிகளோடு காரில் ஏறிப் போனபிறகு, அம்மா கைகழுவித் துடைத்துக்கொண்டு வந்து கம்ப்யூட்டரின் சட்டையைக் கழற்றினார். "பிள்ளை, உதைப் பழையபடி மாத்தி விடு. பதில் எல்லாருக்கும் போகட்டும்" என்றார். எனக்கு விளங்கவில்லை. அதுதான் இருவரும் கதைத்தாயிற்றே, இனி எதற்கு என்று கேட்டேன்.

"எங்களுக்கு வேண்டாம். உந்த லிஸ்ட்டில இன்னும் எத்தினை பேர் கதை பேச்சில்லாமல் இருக்கினம் எண்டு உனக்குத் தெரியுமே? உவையெல்லாம் சும்மாவே உவ்வளவு கிடந்து எழுதினவை? இப்ப லிஸ்ட் ஏன் படுத்துப் போச்சுது எண்டு யோசிச்சுப் பாத்தனியே?"

நான் யோசித்துப் பார்த்ததில்லை. தலைவருக்குப் போன் எடுத்து, அம்மா சொன்னதை ஆள்பெயர் இல்லாமல் சொன்னேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். "பொருளாளரும் நானும் கதைக்கிறேல்லை, உமக்குத் தெரியுந்தானே" என்றார். எனக்குத் தெரியாது. "லிஸ்ட்டில எண்டால் ஆள் நான் பாடினதைப் பற்றி நல்லதா ஏதும் எழுதும். மாத்திவிடும் பிள்ளை, செயற்குழுவுக்கு நான் சொல்லுறன்" என்று போனை வைத்தார்.

மாற்றிவிட்டு, மாற்றியதை லிஸ்ட்டுக்கு அறிவித்தேன். திங்கட்கிழமை லண்டன் சட்டத்தரணியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "அன்பான சபையோருக்கு, சின்ன வயதில் எங்கள் வீட்டில் நின்ற கறுப்பு நாயின் பெயர் என்ன என்று எவருக்காவது நினைவிருக்கிறதா?" அம்மா வாசித்துவிட்டு விரல்களை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த நாயை ஊரில் அறியாதவர் இல்லை என்றும், அது பள்ளிக்கூடத்துக்கே வந்து வகுப்பில் படுக்கும் என்றும் சொன்னார். அப்படியென்றால் பெயரை எழுதுங்களேன் என்றேன். "விசரே உனக்கு? கொழும்பில அவற்ற அக்கா இருக்கிறா" என்றார்.

எதற்கும் வாயை மூடியறியாத லிஸ்ட் அந்தக் கிழமை முழுவதும் மூடிக்கொண்டிருந்தது. ஒஸ்லோக்காரர்கூட ஒரு சொல் எழுதவில்லை. சனிக்கிழமை கொழும்பிலிருந்து பதில் வந்தது. "சபையோருக்கு. நாயின் பெயர் வீரன். அதுக்குச் சோறு வைச்சது நான்."